பள்ளிக்கூடத்துக்காகக் கேட்பதும் ஓட்டுக் கேட்பதும்

(திண்டிவனத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விக்கிரவாண்டித் தொகுதியில் ஏதாவது ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி அந்த ஊர் நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 21-இல் சட்டமன்ற இடைத்தேர்தல். 2021 ஏப்ரல் 6-இல் சட்டமன்றப் பொதுத்தேர்தல். அந்த ஆண்டு அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். மாவட்டப் பிரிவினையால் தள்ளிவைக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. 2024 ஏப்ரல் 19-இல் மறுபடி நாடாளுமன்றம். மூன்று மாதம் ஆகுமுன், ஜூலை 10-இல் மறுபடி இடைத்தேர்தல். ஐந்தே கால் ஆண்டில் ஆறு தேர்தல்.

ஆறு முறையும் அந்தப் பள்ளியின் சுவரில் வாக்குச்சாவடி எண் எழுதப்பட்டது. ஆறு முறையும் ஊரில் இருந்த பகை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கியது. அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் வேறு எங்கோ தேர்தல் பணிக்குப் போய்விட்டு, இரண்டு நாள் கழித்து அதே பிள்ளைகள் முன்னால் வந்து நின்றார். "சார், நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிள்ளைகளின் அப்பன்மாரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அது அவருடைய வேலையைப் பற்றிய கேள்வி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது அந்தப் பள்ளிக்கூடத்தின் வாழ்வைப் பற்றிய கேள்வி.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இல் வந்தவை. அவற்றின்படி அரசு ஊழியர் எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. அரசியல் இயக்கத்துக்கு நன்கொடை தரக் கூடாது. வேறு எந்த வகையிலும் துணை நிற்கவும் கூடாது. சட்டமன்றமோ உள்ளாட்சியோ, எந்தத் தேர்தலிலும் ஓட்டுக் கேட்கவோ தம் செல்வாக்கைப் பயன்படுத்தவோ கூடாது. ஓட்டுப் போடலாம். யாருக்குப் போடப்போகிறார், யாருக்குப் போட்டார் என்பதற்கு ஒரு குறிப்புக்கூடத் தரக் கூடாது. மத்திய அரசு ஊழியருக்கான 1964-ஆம் ஆண்டு விதிகளிலும் இதே கட்டுப்பாடுகள் உண்டு. உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினாலே செல்வாக்கைப் பயன்படுத்தியதாக ஆகும் என்று அங்கே விளக்கமும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இது துறை நடவடிக்கைக்கான விதி. இதற்கு மேல் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இருக்கிறது. அரசு ஊழியர் ஒருவர் வேட்பாளரின் முகவராகவோ, வாக்குச்சாவடி முகவராகவோ, எண்ணிக்கை முகவராகவோ உட்கார்ந்தால் 134-ஏ பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் பணியில் இருப்பவர் ஒருவரை இன்னாருக்குப் போடு என்று தூண்டினால் 129-ஆவது பிரிவு. அதில் ஆறு மாதம் வரை. பணியில் இருக்கும் அந்த நாள்களில் அவர் கல்வித் துறையின் ஆள்கூட அல்ல. 28-ஏ பிரிவின்படி முடிவு அறிவிக்கும் வரை அவர் தேர்தல் ஆணையத்திடம் அயற்பணியில் இருப்பவராகக் கருதப்படுகிறார்.

இதெல்லாம் வாயை அடைக்கும் சட்டம் என்று இளம் ஆசிரியர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்குப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானது 1981 ஜூன் முதல் தேதி. அதற்கு முன் இருபது ஆண்டுகள் அவர்கள் ஒன்றியத்தின் ஊழியர்கள். ஒன்றியத்தின் பெருந்தலைவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர்; அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று உண்டு. வாத்தியார் எந்தப் பக்கம் என்ற பேச்சு அவர் எந்த ஊரில் வேலை பார்ப்பார் என்பதைத் தொட்டது. அந்தக் காலத்து ஆசிரியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். விழுப்புரத்திலும் மயிலத்திலும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். தேர்தல் முடிந்ததும் மாற்றல் வருமா என்று காத்திருந்ததைச் சொல்வார்கள். "நான் எந்தக் கட்சிக்கும் வர முடியாது, விதி இடம் கொடுக்காது" என்று ஆசிரியர் சொல்ல முடிகிறதே, அந்தச் சொல் அவருக்குக் கவசம். அதைத் தானாகக் கழற்றிப் போடுவது அறிவுடைமை ஆகாது.

இப்போது பள்ளிக்கூடத்துப் பணத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் பள்ளிக் கட்டடம் கட்ட வேண்டுமென்றால் அந்த வட்டாரத்துப் பள்ளி வாரியம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும். பல மாநிலங்களில் அதற்கு ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தர வேண்டும். கடனை அடைக்கப்போவது அவர்களுடைய சொத்துவரி. 1952-இல் நியூஜெர்சி மாநிலத்தில் பர்சிப்பனி என்ற ஊரில் இப்படி ஒரு வாக்கெடுப்பு. பள்ளி வாரியம் பொதுப்பணத்தில் 18 பக்கச் சிறுநூல் ஒன்றை அச்சடித்தது. எத்தனை பிள்ளைகள், எத்தனை அறைகள், எவ்வளவு செலவு என்ற விவரங்கள் அதில் இருந்தன. கூடவே 'ஆம் என்று வாக்களியுங்கள்' என்ற வேண்டுகோளும், வாக்களிக்காவிட்டால் என்ன கேடு வரும் என்ற பட்டியலும் இருந்தன. வழக்கு அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1953-இல் தீர்ப்பு எழுதியவர் வில்லியம் பிரென்னன். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற நீதிபதி. விவரத்தைச் சொல்லப் பொதுப்பணத்தைச் செலவிடலாம். ஒரு பக்கத்துக்கு ஓட்டுக் கேட்கச் செலவிடக் கூடாது, ஏனென்றால் அந்தப் பணம் எதிர்த்து ஓட்டுப் போடுகிறவருடையதும்தான் என்றார். அங்கே பள்ளி ஊழியர்கள் நடந்துகொள்ளும் முறைக்கெல்லாம் அடியில் இன்றும் கிடக்கும் எண்ணம் அது.

நமக்குக் கடன் பத்திர வாக்கெடுப்பு கிடையாது. ஆனால் ஊரிடம் போய்ப் பள்ளிக்காகக் கை நீட்டுவதில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. 1958-இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கியது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. அடுத்தடுத்து மாவட்டம் மாவட்டமாக நடந்தது. ஆசிரியரும் ஆய்வாளரும் ஊரில் போய், இந்தப் பள்ளிக்கு இது இது இல்லை என்று பட்டியல் போட்டார்கள். ஊரார் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டித் தந்தார்கள், பலகை, பெஞ்சு, சிலேட்டு, சீருடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். சுந்தரவடிவேலு சுயமரியாதைக் கருத்துகளில் ஊறியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் வேலை பார்த்தது காங்கிரஸ் முதலமைச்சரிடம். ஊரில் கொடுத்தவர்களோ எல்லாக் கட்சிக்காரரும், எந்தக் கட்சியும் இல்லாதவர்களும். இயக்குநருக்கு ஒரு கொள்கை இருந்தது. பள்ளிக்காகக் கேட்கும்போது அது குறுக்கே வரவில்லை. கொள்கையே இல்லாத ஆளாக அரசு ஊழியர் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் எதைக் கேட்கிறோம் என்ற தெளிவு போதும்.

இன்றைக்கு அதே வேலையை வேறு பெயரில் செய்கிறோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-இல் நம் மாநிலத்தில் குழுக்களை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாக வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களும் பணம் தருகிறார்கள். தலைமையாசிரியர் கூட்டம் கூட்டுகிறார். கழிப்பறைக் கதவு இல்லை, சுற்றுச்சுவர் சாய்ந்திருக்கிறது, ஐந்தாம் வகுப்பு மரத்தடியில் நடக்கிறது என்று சொல்கிறார். அது அவர் கடமை. அந்தக் கூட்டத்திலேயே, "நம்ம தலைவரு ஜெயிச்சா சுவர் வந்துடும், பாத்துக்குங்க" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பர்சிப்பனியின் சிறுநூல் ஆகிவிட்டது. முதல் பாதிக்கு விதி முழு இடம் தருகிறது. இரண்டாம் பாதியில் வேலையே போகலாம்.

வேலை போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தோற்ற பக்கத்துக்காரர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். அவர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார். ஊராட்சித் தேர்தலில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. தெருவும் உறவும் சாதியும்தான் சின்னம். நம் மாவட்டத்தில் ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் பிரிந்து கிடக்கும் ஊர்களில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காரும் இடம் அநேகமாகப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். ஆசிரியர் ஒரு வேட்பாளரோடு தெருவில் நடந்தால் அந்த வரிசை உடையும்.

இங்கே ஒரு சங்கடத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஊரில் படித்த பெண் யார் என்று தேடுகிறார்கள். வாத்தியார் வீட்டு அம்மாவிடம் வருகிறார்கள். அவர் நிற்கலாமா? தாராளமாக நிற்கலாம். கணவரின் நடத்தை விதி மனைவியின் உரிமையைப் பறிக்காது. அரசைக் கவிழ்க்கும் இயக்கங்களில் குடும்பத்தார் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதி வேறு. தேர்தலில் நிற்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பி எத்தனையோ பெண்களை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறோம். ஆனால் மனைவி நின்றால் கணவர் துண்டறிக்கை கொடுக்கக் கூடாது, சாவடியில் முகவராக உட்காரக் கூடாது, ஜெயித்த பிறகு ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவும் கூடாது. அந்த அம்மாவைத் தானாக நடக்க விடுவதற்கும் இந்த விதி உதவும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இனி வாக்குச்சாவடிக்குள் வருவோம். முதல் நாள் சாயங்காலம் லாரியில் வந்து இறங்குகிறீர்கள். கையில் இயந்திரங்கள், சட்டைப் பையில் பணி ஆணை. எந்தச் சாவடி என்பது கடைசியில்தான் தெரியும். கணினி குலுக்கலில் மூன்று கட்டமாகப் பிரித்து அனுப்புகிறார்கள், யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கக் கூடாது என்பதற்காக. ஊர் புதிது. கடை இல்லை. இருட்டும் நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வருவார்கள். "சார், தூரத்திலேர்ந்து வந்திருக்கீங்க, டிபன் சொல்லட்டுமா? பிரியாணி வந்துகிட்டே இருக்கு, பெண் ஊழியர்கள் படுக்க எங்க வீடு இருக்கு" என்பார்கள். பசியில் இருப்பவருக்கு அது அன்பாகத்தான் படும். மறுநாள் காலை மாதிரி வாக்குப்பதிவில் ஐம்பது ஓட்டுப் போட்டுக் காட்டும்போது அதே ஆள் முகவராக எதிரே உட்கார்ந்திருப்பார். பிற்பகல் ஒரு மூதாட்டி வந்து கண் தெரியவில்லை என்பார். துணைக்கு நான் வருகிறேன் என்று அதே ஆள் எழுவார். அடுத்த நாற்காலியில் இருக்கும் முகவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். நேற்று ராத்திரி யார் வீட்டுச் சாப்பாடு என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் சட்டப்படி சரியாகவே முடிவெடுத்தாலும் அவர் நம்ப மாட்டார்.

கட்டுச்சோறு கொண்டுபோங்கள் என்று மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பெண் ஆசிரியர்களைக் கழிப்பறை சரியில்லாத சாவடியில் ஓர் இரவு தங்கவைத்துவிட்டு, யார் உதவியையும் வாங்காதே என்று விதி பேசுவது நியாயம் ஆகாது. நடுநிலைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை மாவட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும்: உணவு, தண்ணீர், விளக்கு, பூட்டக்கூடிய கழிப்பறை. ஊழியரிடம் அதை வசூலிக்கக் கூடாது.

ஓட்டு விஷயத்திலும் அப்படித்தான். தேர்தல் பணியில் இருப்பவர்களின் தபால் ஓட்டைப் பல நாள் கையில் வைத்திருக்க விட்டிருந்தார்கள். யாராவது வந்து கேட்க, காட்ட, கொடுக்க என்று வாய்ப்பு இருந்தது. 2023 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். இப்போது பயிற்சி நடக்கும் இடத்து உதவி மையத்திலேயே மறைப்புக்குள் போட்டுப் பெட்டியில் இட வேண்டும். என்னைப் பொறுத்தவரை மிக நல்ல திருத்தம் இது. ஊழியர் மேல் சந்தேகம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவரை மற்றவர்களின் வற்புறுத்தலிலிருந்து காப்பாற்றியது என்றுதான் நான் பார்க்கிறேன்.

கைபேசியைப் பற்றி இரண்டு வார்த்தை. விதிகள் எழுதிய காலத்தில் வாட்ஸ்அப் இல்லை. விதியின் பொருள் அப்படியே நிற்கிறது. வகுப்புப் பெற்றோர் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்பும் அதே எண்ணிலிருந்து, ஸ்டேட்டஸில் ஒரு வேட்பாளரின் படம் போனால் அது ஓட்டுக் கேட்பதுதான். நண்பர் அனுப்பியதை வெறுமனே முன்னனுப்பினேன் என்பது பதில் ஆகாது.

இவ்வளவும் ஊழியருக்குச் சொல்லிவிட்டு, அவரிடம் உதவி கேட்டு வருகிறவருக்கு ஒன்றும் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு அநியாயம். சட்டம் அவரையும் கட்டுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின் ஏழாம் உட்பிரிவைப் படியுங்கள். தன் வெற்றிக்காக, அங்கே பட்டியலிட்ட வகைகளைச் சேர்ந்த அரசு ஊழியரின் உதவியை வேட்பாளர் பெற்றாலோ பெற முயன்றாலோ அது ஊழல் நடவடிக்கை. தேர்தலே செல்லாமல் போகும். இது ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 1971-இல் ரேபரேலியில் இந்திரா காந்தி ஜெயித்தார். ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். பிரதமர் செயலகத்தில் சிறப்புப் பணி அலுவலராக இருந்த யஷ்பால் கபூர், பதவி விலகல் முறைப்படி ஏற்கப்படுமுன் அவருக்காகத் தேர்தல் வேலை பார்த்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. உத்தரப் பிரதேச அதிகாரிகள் மேடை போட்டார்கள், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தந்தார்கள் என்பது இன்னொன்று. 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா இரண்டையும் ஏற்றுத் தேர்தலை ரத்துச் செய்தார். பிறகு சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் ஒரு பிரதமரின் பதவியை ஆட்டியது ஓர் அரசு ஊழியர் எந்தத் தேதி வரை அரசு ஊழியர் என்ற கேள்வி. இடையில் என்ன நடந்தது, நெருக்கடி நிலை எப்படி வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அரசியலுக்கு வர விரும்பும் ஊழியருக்கு வழி அடைக்கப்படவில்லை. தொல். திருமாவளவன் தடய அறிவியல் துறையில் வேலை பார்த்தவர். 1999 தேர்தலில் நிற்க அந்த வேலையை விட்டார். அது நேரான வழி. அதே நேரத்தில், பழைய அரசியலைத் தோண்டி எடுத்து ஆசிரியரைப் பழிவாங்கவும் அரசுக்கு உரிமை இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ராமசங்கர் ரகுவன்ஷி என்ற ஆசிரியரை, அரசுப் பணிக்கு வருமுன் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். 1983-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; நீதிபதி சின்னப்ப ரெட்டி கடுமையாகவே எழுதினார். சங்கமாகக் கூடி ஓய்வூதியத்துக்காகக் கோரிக்கை வைப்பதும் உங்கள் உரிமை. எல்லாக் கட்சி வாசலிலும் மனுக் கொடுங்கள். மனுவை வாங்கிக்கொண்ட கட்சிக்குப் போடச் சொல்லி உறுப்பினருக்குச் சுற்றறிக்கை அனுப்பும்போதுதான் கோடு தாண்டுகிறது.

இந்த மண்ணின் மனிதர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதோ பக்கத்தில் ஓமந்தூர். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். கட்சிக்காரர் யாரும் அதிகாரிகளிடம் சிபாரிசுக்குப் போகக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சொந்தக் கட்சிக்காரர்களே பொறுக்கவில்லை. 1949 ஏப்ரலில் பதவி விலகினார். அதிகாரியின் நடுநிலையைக் காப்பதற்கு ஆட்சியில் இருப்பவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நம் தாலுகா 75 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தேர்தல் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இயந்திரத்தை இணைக்க, 17-சி படிவம் நிரப்ப எவ்வளவோ நேரம் சொல்லித் தருகிறீர்கள். அதில் கால் மணி நேரம் ஒதுக்கி 123-ஆவது பிரிவையும் வாசித்துக் காட்டுங்கள். ஊழியர் எதைச் செய்யக் கூடாது என்பதை அவர் நன்றாகவே அறிவார். அவரிடம் எதைக் கேட்கக் கூடாது, கேட்டால் பொதுப் பார்வையாளரின் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், சி-விஜில் செயலியில் எப்படிப் பதிய வேண்டும், பேசியவர் பெயர் வெளியே போகாது என்று யார் உறுதி தருவார், இவற்றைச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களாக இருக்கும் தாய்மார்களுக்கும் இதை எழுதி ஒரு படி கொடுங்கள். அடுத்த தேர்தலில் பள்ளிச் சுவரில் சின்னம் எழுத வருகிறவரிடம் முதலில் பேசப்போகிறவர்கள் அவர்கள்தான்.